பட்ஜெட்டைக் கடைமடையிலிருந்து பார்ப்பது எப்படி?

திருவையாற்றில் ஆராதனை நாட்களில் கச்சேரி கேட்டுவிட்டு, பாடகர் நிரவலை அவசரமாக முடித்துவிட்டார் என்று முகம் சுளிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். களத்தில் ஒரு பிடி நெல்லை அள்ளி, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, ஈரப்பதம் 17-க்கு மேலேயா கீழேயா என்று கொள்முதல் நிலையத்து மெஷினுக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். அவர்களே, பட்ஜெட் வாசிக்கிற அன்றைக்கு டீக்கடை டிவியில் நிதியமைச்சர் வந்தவுடன் "நமக்கு அதெல்லாம் எங்க புரியப்போவுது, சேனலை மாத்துங்க தம்பி" என்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அந்த இடத்தில்தான்.

குறுவைக்கு வாங்கிய கூட்டுறவுக் கடன், தாளடிக்கு வைத்த நகை, நடவுக்கூலி, அறுவடை மெஷினுக்கு மணிக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் மனக்கணக்காகவே வைத்திருக்கிற மனிதருக்குக் கோட்டையில் வாசிக்கிற கணக்கு புரியாதாம்! யாரோ அவரை அப்படி நம்பவைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை, நம் பெயரைச் சொல்லி, நம் பணத்தை வைத்து, இரண்டு இரண்டரை மணி நேரம் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. அதை ரசிக்க டிகிரி எதுவும் வேண்டாம். எங்கே கைதட்ட வேண்டும், எங்கே எழுந்து போக வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிட்டு நகர்கிறேன். அரசியல் சட்டத்தின் 202-ஆவது பிரிவு இதை ஆண்டு நிதிநிலை அறிக்கை என்கிறது. உள்ளே இரண்டு அறைகள். வருவாய்க் கணக்கில் வரி வரவு, சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம், பராமரிப்பு. மூலதனக் கணக்கில் கடன் வாங்குவதும், அணை, சாலை, கட்டடம் கட்டுவதும். 2025 மார்ச் 14 அன்று அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வாசித்த 2025-26 பட்ஜெட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய், வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. துண்டு விழுவது 41,635 கோடி. இதுதான் வருவாய்ப் பற்றாக்குறை. வரவில் வருகிற நூறு ரூபாயில் சம்பளத்துக்கு 27, ஓய்வூதியத்துக்கு 12, வட்டிக்கு 21 என்று அமைச்சர் வாயைத் திறப்பதற்கு முன்பே அறுபது ரூபாய் போய்விட்டது. அவருடைய மனசு தெரிவது மிச்சமிருக்கும் நாற்பது ரூபாயிலும், வாங்குகிற கடனிலும்தான்.

இன்னொன்று. ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே சில நிரல்கள் இருக்கும். முந்தைய ஆண்டுகளில் நிஜமாகச் செலவழித்த கணக்கு, நடப்பு ஆண்டின் திருத்த மதிப்பீடு, வரப்போகும் ஆண்டின் மதிப்பீடு. மேடையில் பெரும்பாலும் சொல்லப்படுவது கடைசி நிரல்தான். முதல் நிரலைப் பார்க்காமல் பட்ஜெட்டைப் பாராட்டுகிறவர், பெண் பார்க்கப் போய் பந்தலைப் பார்த்துவிட்டு வந்தவர். அடிப்படை அவ்வளவுதான்.

இனி எதைப் பார்க்கக் கூடாது என்று சொல்கிறேன். 2025-இல் பட்ஜெட்டுக்கு முதல் நாள் நாடு முழுக்க எதைப் பேசியது? பட்ஜெட் இலச்சினையில் ₹ குறிக்குப் பதிலாக 'ரூ' என்று தமிழெழுத்தைப் போட்டதைப் பற்றி. ஒரு நாள் முழுவதும் அதே விவாதம். மறுநாள் வந்த நாலு லட்சம் கோடி ரூபாய்ச் சமாச்சாரத்துக்கு அதில் பாதி நேரம்கூடக் கிடைக்கவில்லை. அடுத்தது, ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் வருகிற தலைக்கு இவ்வளவு கடன் என்கிற கூப்பாடு. 2026 மார்ச் முடிவில் கடன் 9,29,959 கோடி என்று மதிப்பிட்டார்கள். அதை எட்டுக் கோடி பேருக்குப் பங்கு போட்டுப் பயமுறுத்துவது மிகச் சுலபம். மாநிலத்தின் மொத்த உற்பத்தியில் அது 26.07 சதவீதம் என்பதுதான் எடை போட உதவுகிற எண். ஐந்து வேலி வைத்திருப்பவரின் கடனையும் ஐந்து மா வைத்திருப்பவரின் கடனையும் தொகையை மட்டும் வைத்து யாராவது ஒப்பிடுவார்களா?

பட்ஜெட் நாளன்று மாலை விவாத மேடைகளை நான் பார்ப்பதே இல்லை. ஆளுங்கட்சிக்காரர் இதை மக்கள் பட்ஜெட் என்பார், எதிர்க்கட்சிக்காரர் வெற்று அறிக்கை என்பார். இரண்டு பேரும் காலையிலேயே எழுதிக்கொண்டு வந்ததுதான். நடுவில் உட்கார்ந்திருக்கிற பொருளாதார நிபுணர் 'இலவசம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே அரை மணி ஓட்டிவிடுவார். 2025-26 பட்ஜெட்டின்போது மகளிர் உரிமைத்தொகையாக 1.15 கோடிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போனது. அதற்கு அந்த ஆண்டு 13,807 கோடி. எங்கள் தெருவில் அந்த ஆயிரம் எங்கே போகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். மளிகைக் கடைக்கும் சுய உதவிக் குழுத் தவணைக்கும் போகிறது. அதை வீண் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு. பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல உரிமை கிடையாது.

டெல்டாக்காரர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் வேளாண் பட்ஜெட். 2021 ஆகஸ்ட் 14 அன்று அப்போதைய வேளாண் அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் பட்ஜெட்டை வாசித்தபோது நானும் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. அன்றைய தொகை 34,220.65 கோடி. 2025-26-இல் அது 45,661.44 கோடி. நாலு வருடத்தில் 11,440 கோடி கூடியிருக்கிறது என்றால் யாருக்கும் மனசு நிறையும். ஆனால் இது தனிப் பெட்டியில் வைத்த தனிப் பணம் கிடையாது. வேளாண்மை, கால்நடை, மீன்வளம், கூட்டுறவு, உணவு, எரிசக்தி என்று பல துறைகளின் மானியக் கோரிக்கைகளில் உழவரைத் தொடுகிற தொகைகளை ஒரே உரையில் சேர்த்துச் சொல்வது. பொது பட்ஜெட்டில் ஏற்கெனவே எண்ணிய அதே ரூபாய்தான். அதில் பம்புசெட் இலவச மின்சாரத்துக்கு மட்டும் 2021-22-இல் 4,508 கோடி, 2025-26-இல் 8,186 கோடி. கூடிய ஒவ்வொரு மூன்று ரூபாயிலும் ஏறக்குறைய ஒரு ரூபாய் மின்வாரியத்துக்கு. மோட்டார் வைத்திருப்பவருக்கு அது உயிர். நிலத்தடி நீர் உப்பாகிப்போன தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்தில், ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பி ஒரு போகம் வைக்கிறவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. மொத்தத் தொகையைப் பார்த்துக் கைதட்டாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கட்டுகிற செலவு வேறு, காக்கிற செலவு வேறு. இந்த ஒரு பிரிவினை மனசில் பதிந்துவிட்டால் பட்ஜெட்டில் எண்பது சதம் உங்களுக்குத் திறந்துவிடும்.

எங்கள் ஊருக்கு மேற்கே, புது ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்காலில் ஒரு மதகு இருக்கிறது. ஆளுயரத்துக்கு இரும்புத் திருகுத் தண்டு, அதன் தலையில் சுற்றுகிற சக்கரம், கீழே பலகை. மதகைத் திறந்து மூடுகிற லஸ்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், எனக்கு மாமா முறை, ஒரு மே மாதம் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். தண்டின் மரைகளுக்குள் விரலை விட்டுத் தேய்த்து எடுத்துக் காட்டினார். செங்கல் பொடிபோலத் துரு. சக்கரத்தை இரண்டு பேர் சேர்ந்து பிடித்தும் அசையவில்லை. முந்தின வருடம் தண்ணீரை நிறுத்த வாழைமட்டையும் வைக்கோலும் அடைத்த சாக்குகள் கீழே மக்கிக் கிடந்தன. "தம்பி, இதுக்கு வருஷத்துல ரெண்டு தடவ கிரீஸ் போட்டா என் ஆயுசு தாண்டியும் நிக்கும். போடலேன்னா பத்து வருஷத்துல இத இடிச்சுட்டுப் புதுசு கட்டணும்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அவரே வாங்கி வந்த கிரீஸ். ஓய்வுபெற்றவர், யாரும் சொல்லவில்லை, சம்பளமும் இல்லை. அரை மணி நேரம் பூசினோம்.

அந்த கிரீஸ் பட்ஜெட்டில் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? வருவாய்ச் செலவில். லஸ்கர் சம்பளம், கரையில் முளைத்த காட்டாமணக்கை வெட்டுகிற கூலி, ஆகாயத்தாமரை அள்ளுவது, மதகுப் பலகை மாற்றுவது, ஆண்டுதோறும் தூர்வாருவது எல்லாம் பொதுவாக அங்கேதான். மதகை இடித்துப் புதிதாகக் கட்டினால் அது மூலதனச் செலவு. உடனே நிபுணர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள், சொத்து உருவாக்கம் என்று. மூலதனச் செலவென்றால் புண்ணியம், வருவாய்ச் செலவென்றால் பாவம் என்கிற இந்த நாகரிகம் எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. ஒன்றிய அரசும் 2020-21 முதல் மாநிலங்களுக்கு மூலதனச் செலவுக்கென்று 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் தருகிறது. கட்டினால் வட்டியில்லாக் கடன் உண்டு. காப்பதற்கு அப்படி எந்த ஊக்கமும் கிடையாது. அப்படியிருக்க எந்த நிதிச் செயலாளர் கிரீஸைப் பற்றி யோசிப்பார்? பாசனம் அறிந்தவர்கள் உலகமெங்கும் ஒரு சுழலைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள்: கட்டு, கைவிடு, மறுபடி கட்டு. அந்தச் சுழலில் மூன்றில் இரண்டு கட்டத்துக்கு மாலை மரியாதை, கல்வெட்டு, திறப்பு விழா. காப்பதற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

முக்கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய மேலணை. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. வயதாகிவிட்டது என்றது அரசு, மணல் அள்ளியதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. புதிய கதவணைக்கு ஆன மதிப்பீடு 387.60 கோடி. 2021-இல் டெல்டா முழுவதும் 4,061 கிலோமீட்டர் தூர்வார ஒதுக்கியது 65.11 கோடி. ஒரு ராத்திரியில் போனதைத் திரும்பக் கட்டிய பணத்தில், அந்தக் கணக்குப்படி ஆறு வருடம் டெல்டாவையே தூர்வாரியிருக்கலாம். புதிய கதவணை வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர் பட்ஜெட் விமர்சகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

வகுத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. 65.11 கோடியை 4,061-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம். 2022-இல் 80 கோடி, 4,964 கிலோமீட்டர். வகுத்தால் மறுபடி ஒரு லட்சத்து அறுபத்தோராயிரம். 2023-இல் 90 கோடிக்கு 4,773 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம். செய்தித்தாளில் முதல் இரண்டு வருடத்தையும் படித்தவர் பதினைந்து கோடி கூடியது என்று நினைத்திருப்பார். கூடியது நீளம், கிலோமீட்டருக்குக் கிடைத்தது அதே தொகை. மூன்றாம் வருடம்தான் வீதம் நகர்ந்தது. ஹிட்டாச்சி வண்டிக்கு மணி வாடகை எப்படி ஏறியது என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். அந்தப் பணத்தில் வண்டி எவ்வளவு ஆழம் தோண்டியிருக்கும், சேற்றைக் கரைமேல் போட்டதா, அடுத்த மழைக்குத் திரும்ப உள்ளே சரிகிற மாதிரி ஓரத்தில் தள்ளிவிட்டுப் போனதா என்று உங்களுக்கே விளங்கும். ஆறும் பெரிய வாய்க்காலும் தூர்ந்தால் செய்தியாகும். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற சி, டி பிரிவு வாய்க்கால்களில் கோரை மண்டினால் அது பக்கத்து வயல்காரர்களின் சண்டையாக மட்டுமே முடியும்.

காப்பதிலும் இரண்டு வகை உண்டு, பொறுத்துக்கொண்டு கேளுங்கள். வருடம் தவறாமல், யாரும் கேட்காமலே வருகிற பராமரிப்பு ஒன்று. 'சிறப்பு' என்று அடைமொழி போட்டு, முதலமைச்சர் அறிவித்து, புகைப்படத்தோடு வருகிற பராமரிப்பு இன்னொன்று. சிறப்புத் தூர்வாரலை நான் வரவேற்கிறேன். ஆனால் சிறப்பு என்று வந்ததை எந்த வருடமும் நிறுத்திவிட முடியும். மதகுக்குக் கிரீஸ் போடுவதைச் சிறப்புத் திட்டமாக வைத்திருக்கிற அரசு, அம்மாவுக்கு மாத்திரை வாங்குவதைத் தீபாவளிச் செலவில் எழுதிவைக்கிற பிள்ளையைப் போல. எங்கள் தாத்தா காலத்தில் பொதுப்பணித்துறைக்கு மராமத்து இலாகா என்றுதான் பெயர். மராமத்து என்றால் பழுதுபார்ப்பது. குடிமராமத்து என்ற சொல்லிலும் அதே மராமத்துதான். துறையின் பெயரிலேயே பழுதுபார்க்கும் வேலை இருந்தது; பெயர் மாறியபோது அந்த ஞாபகமும் சேர்ந்து போய்விட்டதாக எனக்குத் தோன்றும்.

எங்கள் புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், 1934-இல் மேட்டூர் அணையோடு வந்தது. அதைப் புதுப்பிக்க 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு ஏறத்தாழ 2,640 கோடி. தரையிலும் கான்கிரீட் போட்டுவிட்டால் கிணறுகள் என்னாவது என்று விவசாயிகள் சண்டை போட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: 2,640 கோடியில் கட்டியதை ஒவ்வொரு வருடமும் காக்க எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

இதைக் கண்டுபிடிக்க உரையைப் படித்துப் பயனில்லை. நிதித்துறை இணையதளத்தில் மானியக் கோரிக்கைத் தொகுதிகள் இருக்கின்றன. நீர்வளத்துறைக்கு 40-ஆவது கோரிக்கை, வேளாண்மைக்கு 5-ஆவது. அங்கே எண்கள் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் அச்சாகியிருக்கும். சில தலைப்புகளுக்கு எதிரே வெறும் '1' என்று இருக்கும். அதன் பொருள் ஆயிரம் ரூபாய். பெயருக்கு ஒரு கணக்குத் தலைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், இதற்கு டோக்கன் ஒதுக்கீடு என்று பெயர். பெரிதாக அறிவித்த ஒரு திட்டத்துக்கு எதிரே அந்த ஒற்றை ஒன்றைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அனுபவித்தால்தான் தெரியும். விவரம் கண்டு பயப்படுகிறவர்கள் தஞ்சைப் பெரிய கோவிலுக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள். ராஜராஜன் அங்கே நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று வெட்டிவைத்து, ஒரு பங்குக்கு நூறு கலம் நெல் என்று கணக்கும் சொல்லியிருக்கிறான். ஆயிரம் வருடத்துக்கு முன்பே விவரக் கணக்கைக் கருங்கல்லில் எழுதிய ஊர் இது. நமக்கா புரியாது?

இன்னொரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். தொகையோடு தேதியையும் பாருங்கள். நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிறது. நடுவில் 72 நாள். அதற்குள் ஒப்புதல், டெண்டர், பணி ஆணை, வண்டி, வேலை எல்லாம் முடிய வேண்டும். 2022-இல் அணை நிரம்பி வந்ததால் மே 24-இலேயே திறந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை. அந்த வருடம் கையில் இருந்தது 53 நாள். 2021-இல் ஆட்சி மாறி ஒரு மாதத்தில் தண்ணீர் வந்துவிட்டது. திருத்திய பட்ஜெட் வந்தது ஆகஸ்டில். சாலை போட வேண்டிய பணம் அக்டோபரில் வந்தாலும் சாலை போடலாம். ஓடுகிற வாய்க்காலில் யார் தூர்வாருவது? தாமதமாக வந்த கோடியைவிட நேரத்துக்கு வந்த லட்சம் எங்கள் பக்கத்தில் பெரியது. மார்ச் மாதமே முன்கூட்டி ஒப்புதல் கொடுத்துவிட்ட அரசு என்றால், அது எந்தக் கட்சியாக இருந்தாலும், நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. யாருக்கும் இதுவரை காட்டியதில்லை. இடது பக்கத்தில் ஒவ்வொரு மார்ச்சும் தூர்வாரலுக்கு எத்தனை கோடி, எத்தனை கிலோமீட்டர், வகுத்தால் எவ்வளவு என்று எழுதுவேன். வலது பக்கத்தில் நான்கு தேதிகள். மேட்டூர் திறந்தது, மூன்று நான்கு நாள் கழித்துக் கல்லணை திறந்தது, எங்கள் ஊர் மதகுக்குத் தண்ணீர் வந்தது, கடைசி வயலுக்கு வந்தது. பட்ஜெட்டில் நிஜச் செலவுக் கணக்கு அச்சாகி வர இரண்டு வருடம் ஆகும். என் வலது பக்கம் அதே ஆடிக்குள் நிரம்பிவிடும். சில வருடம் கல்லணைக்கும் எங்கள் மதகுக்கும் இடையே உள்ள நாட்கள் சுருங்கியிருக்கின்றன. சில வருடம் தொகை கூடியும் நாட்கள் நீண்டிருக்கின்றன. அந்த வருடங்களுக்கு எதிரே சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன்.

மாமாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் பட்ஜெட் முடிந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "கிரீஸுக்கு வச்சிருக்கானா?" நான் 40-ஆவது கோரிக்கையைத் திறந்து, பராமரிப்புத் தலைப்புகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பேன். வாசிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அடுத்த மார்ச்சில் நீங்களும் வாருங்கள், திண்ணையில் இடம் இருக்கிறது.